அருகில் இருக்கிறீர்களா?

கர்ப்பிணியிடம் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்பது தூத்துக்குடியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. காற்றாலைகள் கடலுக்குள் போய்விட்டன, மீன்கள் கடலை விட்டுத் தொட்டிக்குள் வந்துவிட்டன, ஆட்டோவை ஓட்ட ஆள் தேவையில்லை என்றாகிவிட்டது. இந்த ஒரு வழக்கம் மட்டும் அசையவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கிழம் இழுத்துக்கொண்டிருக்கிறது என்றால் பிள்ளைத்தாய்ச்சியை முன்கூட்டியே சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போனில் சொந்தக்காரர் படம் மாலையோடு வந்தால் போனையே பிடுங்கி வைத்துவிடுவார்கள். அந்தத் தெருவில் இந்த மரியாதை கிடைக்காத ஒரே பிள்ளைத்தாய்ச்சி இதழினி.

காரணம், அவள் தலைக்குள் பிட்யூட்டரி இல்லை.

முதல் பிரசவத்தில் போனது அது. ரத்தம் நிற்கவில்லை. ஆண் குழந்தை மூச்சு விடாமலே பிறந்தது. ரத்தம் கொட்டிய கொட்டலில் மூளைக்கு அடியில் பட்டாணி அளவுக்குத் தொங்கிக்கொண்டிருந்த சுரப்பியும் பட்டுப்போனது. அது யாருக்கும் அப்போது தெரியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பால் கட்டி நெஞ்சு கனக்குமே என்று வீட்டார் பால் வற்ற மார்பில் கட்டும் மல்லிகைப்பூவும் கையுமாகக் காத்திருந்தார்கள். பால் ஒரு சொட்டுக்கூட ஊறவில்லை. "ஆண்டவன் அந்தச் சித்ரவதையவாது இவளுக்குக் குடுக்கல" என்று மாமியார் சுபாஷினி கும்பிட்டாள். சுரப்பி பட்டுப்போனதற்கு ஆண்டவன் கொடுத்துவிட்டுப் போயிருந்த முதல் அடையாளமே அதுதான். பிறகு மாதவிலக்கு வரவில்லை, புருவம் உதிர்ந்தது, சித்திரை வெயிலில் போர்த்திக்கொண்டு படுத்தாள். வீட்டார் சோம்பல் என்றார்கள், துக்கம் என்றார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். டாக்டரிடம் போக ஒரு வருஷம் ஆயிற்று.

அதன் பிறகு அவள் இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு வில்லை வைத்தார்கள். பழைய ஐந்து ரூபாய் நாணயம் அளவு இருக்கும். செத்துப்போன சுரப்பி செய்ய வேண்டியதையெல்லாம் அந்த வில்லை ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தது. முட்டையைப் பழுக்க வைத்ததும் அதுதான், உரிய நாளில் வெடிக்க வைத்ததும் அதுதான். இதழினி மறுபடி உண்டானாள். கணவன் செழியன் சந்தோஷத்தில் தெருவுக்கே மக்ரூன் கொடுத்தான்.

ஆறாம் மாதம் முடிந்தபோது வில்லையை மாற்றி அமைக்க ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். செழியன், சுபாஷினி, பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்த செழியனின் தங்கை வெண்பா, எல்லோருமாக. வெண்பா இதழினியை விட ஒன்றரை மாதம் முந்தி. இரண்டு வயிறுகளும் பின் ஸீட்டில் இடித்துக்கொண்டு வந்தன.

டாக்டர் ஜெசிந்தா பொறுமையான மனுஷி. "ஒரு ஆபீஸ்னு வச்சுக்கோங்க" என்று தொடங்கினாள். "மேல மூளை, அதுதான் அதிகாரி. கீழ சிறுநீரகத்து மேல ஒரு சுரப்பி உக்காந்திருக்கு, அது வேல பாக்கிற ஆள். நடுவுல இருந்த மேனேஜர்தான் இவங்களுக்கு இல்ல. அதிகாரி மேல இருந்துட்டு ஆபத்து ஆபத்துன்னு கத்துவாரு, கீழ இருக்கவருக்குக் காதுலயே விழாது."

"அதுக்குத்தான் வில்லை இருக்கே டாக்டர்" என்றான் செழியன்.

"காய்ச்சல், காயம், ரத்தப்போக்கு, இதெல்லாம் வில்லை தானாக் கண்டுபிடிச்சு மருந்தக் கூட்டி விட்டுரும். மனசுல விழுற அடி வில்லைக்குத் தெரியாது. அத இவங்கதான் சொல்லணும்."

சொல்லும் விதத்தையும் காட்டினாள். இரண்டு விரலை வில்லைமேல் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். உடனே பொறுப்பாளர்களின் போன் மணி அடிக்கும். 'இதழினி அழுத்தியிருக்கிறார். அருகில் இருக்கிறீர்களா?' என்று கேட்கும். ஆம் என்று தொட்டால் வில்லை முழு மருந்தையும் விடும். மருந்து ஏறும் நேரத்தில் ரத்த அழுத்தம் தாறுமாறாகப் போகலாம், பக்கத்தில் ஆள் வேண்டும். பதில் இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்.

"அப்ப இவளுக்கு அதிர்ச்சியே கெடையாதா டாக்டர்?" என்று கேட்டாள் சுபாஷினி.

"மனசுக்கு உண்டும்மா. அதிர்ச்சி இவங்க உடம்புக்குத்தான் தெரியாது. ஆபத்தே அதுலதான் இருக்கு."

சுபாஷினி நடு வாக்கியத்தை மட்டும் எடுத்து முடிந்துகொண்டாள். பிறகு டாக்டர், சும்மா சும்மா அழுத்தினால் பிள்ளைக்கு எடை ஏறாது என்றாள். இதை முழுசாகக் கேட்டுக்கொண்டாள். மாமியார் காது அப்படித்தான், வேண்டியதற்குத் திறக்கும்.

பொறுப்பாளர் இரண்டு பேர் வேண்டுமாம். மாசத்தில் பாதி நாள் செழியன் கடலில் காற்றாலை மேல் இருப்பான். சுபாஷினியின் போன் எப்போதும் சார்ஜ் இல்லாமல் அரிசிப் பானைமேல் கிடக்கும். "எம் பேரப் போடுங்க மதினி, நான்தான வீட்டுல இருக்கேன்" என்றாள் வெண்பா. இதழினிக்கு அந்தப் பெண்மேல் அப்போது பிரியம் பொங்கியது.

சுபாஷினி அன்று சாயங்காலமே தெருவில் செய்தியைப் பரப்பிவிட்டாள். 'எம் மருமவளுக்கு அதிர்ச்சியே கெடையாதுட்டி, டாக்டரே சொல்லிட்டாவ' என்று ஏதோ பட்டம் வாங்கியவளைப் போலச் சொன்னாள். விளைவு சிரிக்கும்படிதான் தொடங்கியது. கர்ப்பிணிகளிடம் சொல்லக் கூடாது என்று ஊர்ப் பெண்கள் வயிற்றுக்குள் அடக்கி வைத்திருந்த கதைகளெல்லாம் இதழினியைத் தேடி வந்தன. எதிர்வீட்டு ஷர்மிளா தன் தங்கை மகள் குறைமாதத்தில் பெற்றுப் பறிகொடுத்ததை ஒரு வரி விடாமல் சொன்னாள். வெண்பா அறைக்குள் வந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு வெயிலைப் பற்றிப் பேசினாள். வெண்பா போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"என்னைய என்ன குப்பத்தொட்டின்னு நெனச்சாவளா?" என்று செழியனிடம் கேட்டாள் இதழினி. அவன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

அன்று மத்தியானம் கண்ணயர்ந்தவள் முதல் பிள்ளையைக் கனவில் கண்டு எழுந்தாள். உடம்பு சில்லென்று துவண்டது. முதன்முறையாக வில்லையை அழுத்தினாள். சமையலறையில் செழியனின் போன் மணி அடித்தது. ஈரக் கையோடு ஓடி வந்து, ஆம் என்று தொட்டுவிட்டு, கட்டிலில் அவளை ஒட்டி உட்கார்ந்தான். வெயில் ஜன்னலை விட்டு இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை.

"சரியாயிட்டு. நீங்க போய் வேலயப் பாருங்க" என்றாள்.

"ஆம்னு போட்டுருக்கேம்லா. போட்டுட்டு எந்திரிச்சுப் போனா பொய்யாயிரும். மெஷின்ட்ட பொய் சொல்லலாமா?" என்றான்.

அதற்கடுத்த முறை கடலுக்குப் போனவன் திரும்பவில்லை.

சுபாஷினி அவளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனாள். கூழ்வடகம் காய்கிறதா பார்க்க என்றுதான் சொன்னாள். மாடிக் கதவைச் சாத்தியதும் தரையில் உட்கார்ந்து, முந்தானையை உருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கீழே வெண்பா இருந்தாள். மகனைப் பறிகொடுத்தவள் சத்தம் வராமல் அழுவதை இதழினி அன்றுதான் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கிழவி வாயால் சொல்லட்டும் என்று நின்றாள்.

"கயிறு அந்துட்டாம் தாயி. கடல்ல விழுந்துட்டானாம். தேடிக்கிட்டிருக்காவளாம். உசிரோட தேடல" என்றாள் சுபாஷினி.

இதழினிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, காது அடைத்தது. கால் மட்டும் எங்கோ தூரத்தில் இருந்தது. கை தானாகக் காறை எலும்புக்குப் போயிற்று. சுபாஷினி எட்டி அந்தக் கையைப் பிடித்தாள்.

"அழுத்தாத. அழுத்துனா வெண்பா போனுக்குப் போவும். என்ன ஏதுன்னு கேப்பா. அவளுக்குத் தெரிஞ்சா வயித்துல இருக்கது தங்காது."

"எனக்கும் வயித்துல இருக்கு அத்த."

"ஒனக்குத்தான் அது கெடையாதேம்மா. டாக்டர் சொன்னத நானுந்தான கேட்டேன்."

இதழினி மாமியார் முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளத்தனம் எதுவும் இல்லை. மனதார நம்பிச் சொன்னாள். ஒரு பிள்ளையை இழந்த வேகத்தில் மற்ற பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். அந்தப் பிடிக்குள் மருமகள் வரவில்லை.

"பேர மாத்திருவோம் அத்த. உங்க பேரப் போட்டுருவோம்."

"பேர எடுத்தா அவளுக்குத் தகவல் போவுமாம்லா. ஏன் எடுத்தீயன்னு கேக்க மாட்டாளா? கொஞ்ச நாள் தாயி. வெண்பா பெத்துப் பொழைச்சுட்டான்னா நீ மனசாரக் கத்தி அழு. நானும் ஒங்கூட ஒக்காந்து அழுவேன். அதுவர பல்லக் கடிச்சுக்க."

முதல் பிள்ளையைத் தன் உடம்பே கொன்றுவிட்டது என்று இதழினிக்குள் ஓர் எண்ணம் முள் மாதிரி உண்டு. யார் எடுத்துச் சொன்னாலும் அது போகவில்லை. வெண்பாவின் குழந்தையும் தன்னால் போயிற்று என்று ஆகிவிடக் கூடாது. அந்தப் பயத்தில் கையைக் கீழே இறக்கினாள். தன் வயிற்றில் இருப்பதை வில்லை பார்த்துக்கொள்ளும் என்றும் நினைத்தாள். அவளும்தான் அந்த நடு வாக்கியத்தைக் கொஞ்சம் நம்பத் தொடங்கியிருந்தாள், அதுதான் வேதனை.

உடல் கிடைத்தது. பூர்வீக ஊரில் வைத்து எரிப்பது என்று செழியனின் பெரியப்பா முடிவு செய்தார். இதழினி வரட்டுமா என்று யாரும் கேட்கவில்லை, வெண்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும். சுபாஷினி ஒரு கல்யாணத்துக்குப் போவதாக வெண்பாவிடம் சொன்னாள். கல்யாணம் என்றால் பட்டுச் சேலை கட்ட வேண்டுமே. மகனை எரிக்கப் போகிற தாய் மாம்பழ நிறப் பட்டைக் கட்டி, தலையில் பூ வைத்து, கண்ணாடிமுன் நின்றாள். மடிப்பு நிற்கவில்லை. இதழினி குனிய முடியாத வயிறோடு முழங்காலிட்டு, அந்த மடிப்புகளை நீவி ஊக்கு குத்திவிட்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. "அம்மா ஜம்முன்னு இருக்க" என்றாள் வாசலில் நின்ற வெண்பா.

தெருவே சேர்ந்து பொத்திக்கொண்டது. தமிழர்களுக்கு ரகசியம் காக்கத் தெரியாது என்று சொல்கிறவர்கள் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற தெருவுக்கு வந்து பார்க்கலாம். வெண்பாவைக் கண்டதும் எல்லோரும் சிரித்தார்கள். இதழினியைத் தனியாகக் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒனக்குப் பரவால்ல, வில்லை இருக்கு. நமக்குன்னா தாங்குமா?" என்றாள் ஷர்மிளா. தாலி இறக்குகிற காரியம் பிள்ளை பிறந்த பிறகுதான் என்று ஒத்திவைத்திருந்தார்கள். சுபாஷினி காலையில் பூவோடு வந்து நிற்பாள். "வெறுந் தலையோட நிக்காத, அவ பாத்துருவா." இதழினி திரும்பி உட்காருவாள். செத்துப்போனவனின் தாய் செத்துப்போனவனின் மனைவிக்குப் பூ வைத்துவிடுவாள்.

இதைவிடக் கொடுமை செழியனின் போன். கம்பெனிக்காரர்கள் அதைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அண்ணன் இத்தனை நாள் பேசவில்லையே என்று வெண்பா சந்தேகப்படக் கூடாது. இதழினி கதவைத் தாழிட்டுக்கொண்டு அவன் பெயரில் எழுதினாள். 'ஆழத்துல வேல. பேச சிக்னல் இல்ல. மாத்திர போட்டியா?' அனுப்பியதும் சுவருக்கு அந்தப் பக்கம் வெண்பாவின் போன் சிணுங்கும். பதில் வரும். 'போட்டேன் அண்ணே. நீ எப்ப வருவ?'

'சீக்கிரம்.'

'சத்தியமா சொல்லு. எம் பிள்ள பொறக்கும்போது இருப்பியா?'

இதழினி 'பக்கத்துல இருப்பேன்' என்று அடித்து அனுப்பினாள். பிறகு தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டாள். வில்லையை அழுத்தவில்லை.

உடம்பு அதன் கணக்கில் சரிந்துகொண்டிருந்தது. எழுந்தால் கண் இருண்டது. கஞ்சி குடித்தால் கஞ்சி வெளியே வந்தது. வில்லை ரத்தத்தைப் பார்த்தது. காய்ச்சல் இல்லை, காயம் இல்லை, எல்லாம் நலம் என்று வழக்கமான அளவை விட்டுக்கொண்டிருந்தது. "பிள்ளத்தாய்ச்சின்னா வாந்தி வரத்தான் செய்யும்" என்றாள் சுபாஷினி. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு தடவகூட அழுத்தலயே நீ. ஒன்னய மாதிரி மருமவ யாருக்குத் தாயி கெடைக்கும்" என்றாள். இதழினிக்கு அந்தப் பாராட்டைக் கேட்டு எரிச்சல் வந்தது. எரிச்சலைக் காட்டவும் தெம்பில்லை.

வெண்பாவுக்கு வலி கண்டு, சுகப்பிரசவமாக ஆண் குழந்தை பிறந்தது. இதழினி அந்தச் செய்தி கேட்டதும் சுவரோடு சாய்ந்து மூச்சு விட்டாள். இனி அழுத்தலாம். வெண்பா வீட்டுக்கு வந்த அன்று சுபாஷினியைத் தேடி அடுப்படிக்குப் போனாள்.

"சொல்லிருவோமா அத்த?"

பூண்டு உரித்துக்கொண்டிருந்த சுபாஷினி நிமிரவில்லை. "பச்ச ஒடம்புக்காரிட்ட எப்படிச் சொல்ல? பால் வத்திரும்லா. முப்பது கழியட்டும்."

பிரசவித்தவளுக்கு வைத்த பத்தியக் குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. இதழினி அதை இறக்கி வைக்கப் போனாள். குழம்பு, அடுப்பு, மாமியார் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்வது தெரிந்தது. அவள் தரையில் விழுந்து, நெற்றி பிளந்து ரத்தம் வந்த பிறகுதான், ஏதோ ஆபத்து என்று வில்லைக்குத் தெரிந்தது.

பிள்ளை அன்றே பிறந்துவிட்டது. பெண். உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்தால் அதில் படுத்துக்கொள்ளும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொள்ளும் என்றார்கள்.

டாக்டர் ஜெசிந்தா கட்டில் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சுபாஷினி தலைமாட்டில் நின்றாள்.

"ஏன் அழுத்தல நீங்க?" என்று கேட்டாள் டாக்டர்.

இதழினி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் சலைன் பாட்டிலைப் பார்த்தாள்.

"நியாயமாப் பாத்தா நீங்க எப்பவோ விழுந்திருக்கணும். உங்க ரத்தத்துல வில்லை விட்டதுக்கு மேலயும் அந்த மருந்துச்சத்து இருந்துச்சு. எங்கேயிருந்து வந்துச்சுன்னு எங்களுக்கே மொதல்ல புரியல. பிள்ளைட்ட இருந்து வந்திருக்கு. பிள்ளையோட சுரப்பி சின்னதா இருந்தாலும் அதுக்கு மேனேஜர் உண்டு. உங்க உடம்பு தளரத் தளர அது கூடுதலா வேல செஞ்சு, நஞ்சுக்கொடி வழியா உங்களுக்குக் குடுத்திருக்கு. அளவுக்கு மீறி வேல செஞ்சதாலதான் வலியும் முன்னாலயே வந்திருச்சு. உங்களத் தாங்குனது பிள்ளைதான்."

இதழினிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற அந்தத் துணுக்கு, இருட்டுக்குள் ஆள் யாரும் இல்லாமல், அப்பனுக்காகவும் ஆத்தாளுக்காகவும் தனியாக உழைத்திருக்கிறது. அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். செவிலி ஓடி வந்து மருந்தை ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் இருந்தவரை வில்லை அவர்கள் பொறுப்பில் இருந்தது, அதனால் யாருடைய போனும் மணி அடிக்கவில்லை.

"பால் குடுக்கணும் டாக்டர். வில்லையில அதுக்கும் உண்டுன்னு சொன்னீங்களே."

"உண்டு. இப்ப வேண்டாம், உடம்பு தாங்காது. தேறி வாங்க, அப்புறம் போட்டு விடுதேன். அதுவரைக்கும் உங்க நாத்தனார் பால் இருக்குல்ல?"

இந்த முறையும் சுபாஷினி டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். இந்த முறையும் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது வேறு ஒன்று. 'புருசன் செத்தது பெத்தவளுக்குத் தெரியல, வயித்துப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. அதுதாம்ட்டி அழுதிருக்கு.' ஷர்மிளா மூக்கில் விரல் வைத்தாள். வில்லை இருக்கிறவளுக்குப் பரவாயில்லை என்று சொன்ன அதே வாய், வில்லை வைத்தவளுக்கு என்ன ஒட்டுதல் இருக்கும் என்றது.

இதழினி வீடு திரும்பியபோது தாலி இறக்கும் காரியத்தைச் சத்தமில்லாமல் முடித்தார்கள். வெண்பாவிடம் சொல்லியாயிற்று என்று சுபாஷினி சொன்னாள். எப்படித் தாங்கிக்கொண்டாள் என்று இதழினி கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போய்விட்டாள்.

பதில் வெண்பாவிடமிருந்தே வந்தது. கூடத்தில் பெட்டிகள் கட்டி வைத்திருந்தன. அவளைக் கோவில்பட்டிக்கு அழைத்துப் போக அவள் வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றார். வெண்பா சோபாவில் உட்கார்ந்து இதழினியின் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மகன் பக்கத்தில் தூங்கினான். பெட்டிகளின் மேல் இரண்டு குழந்தைகளின் துணியும் இருந்தது.

"பிள்ளையக் கொண்டு போறியா வெண்பா?" என்று கேட்டாள் இதழினி.

"கொஞ்ச காலம் எங்கிட்ட இருக்கட்டும் மதினி. பால் வேணும்லா."

"டாக்டர் அடுத்த வாரம் பாலுக்குப் போட்டு விடுதேன்னிருக்காவ. நீ கூட ஒரு வாரம் இரு. இல்லன்னா நானும் வாரேன்."

வெண்பா நிமிர்ந்து பார்த்தாள். பிரசவித்த உடம்பு ஊதி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அண்ணன் போன அன்னைக்கே எனக்குத் தெரியும் மதினி. அவிய போன்ல சொல்லிட்டாவ" என்று வாசல் பக்கம் தலையை அசைத்தாள். "அம்மா வாய்ல துணிய வச்சுக்கிட்டுத் திரிஞ்சத நானும் பாத்தேன். எனக்குத் தெரிஞ்சுட்டுன்னு சொன்னா அவ ஒடஞ்சுருவா. அதான் தெரியாத மாதிரியே இருந்தேன். கொழாயத் தொறந்து விட்டுட்டுக் குளிமுறிக்குள்ள ஒக்காந்து அழுதேன்."

இதழினி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பட்டுச் சேலையின் மடிப்பும், அந்தப் பூவும், சுவருக்கு அப்பால் சிணுங்கிய போனும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. யாரைக் காப்பாற்ற இத்தனையும் செய்தாளோ அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"அப்ப எதுக்கு எனக்குப் பதில் போட்ட? அண்ணன் எப்ப வருவன்னு எதுக்குக் கேட்ட?"

"அடிக்கிறது நீங்கன்னு தெரியும். அப்பவாது நீங்க ஒடைவீங்கன்னு பாத்தேன். எம் போன் அடிக்கும், ஓடி வந்து ஒங்களக் கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் சேந்து அழுவோம்னு இருந்தேன். மடியிலயே போன வச்சுக்கிட்டு இருந்தேன் மதினி. ஒரு நாள்கூட அடிக்கல. 'பக்கத்துல இருப்பேன்'னு எங்க அண்ணன் பேருல எழுதத் தெரிஞ்சுது. அழுத்தத் தெரியல."

"நீ அதிந்துருவன்னுதான் அழுத்தல வெண்பா. ஒங்கம்மா எங் கையப் புடிச்சுக்கிட்டா. ஓம் பிள்ளைக்காவத்தான்."

"நெஜமா அடிபட்டவளுக்கு யோசன வருமா? எனக்குக் கண்ணுல தானா வந்துச்சு, அடக்க முடியல. யோசிச்சு நிறுத்தி வைக்க முடியும்னா அது என்ன அழுக?" வெண்பாவின் குரல் உயரவில்லை. மடியில் இருந்த குழந்தை விழித்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தாள். "வயித்துல இருந்த இதுக்குத் தெரிஞ்சிருக்கு. நாளைக்கு இது அழுதா, அது அழுகன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

சுபாஷினி அடுப்படி வாசலில் நின்றாள். 'நான்தான் தடுத்தேன்' என்ற ஒரு சொல்லை அவள் சொல்லியிருக்கலாம். மகளின் முகத்தைப் பார்த்தாள், மருமகளின் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

இதழினிக்குக் கால் மறுபடி தூரமாகப் போயிற்று. காது அடைத்தது. இந்த முறை கையைப் பிடிக்க ஆள் இல்லை. இரண்டு விரலைக் காறை எலும்புக்குக் கீழே வைத்து அழுத்திப் பிடித்தாள். செழியனுக்காக, மொட்டை மாடியில் அழுத்தியிருக்க வேண்டிய அழுத்தத்தையும் சேர்த்து அழுத்தினாள். தோலுக்கு அடியில் வில்லை லேசாக அதிர்ந்தது.

வெண்பாவின் மடியில் போன் மணி அடித்தது.

அவள் அதை எடுத்துப் பார்த்தாள். இத்தனை நாள் எதிர்பார்த்திருந்த மணி அது. அவள் உதடு கோணியது, அழப் போகிறாள் என்றே இதழினி நினைத்தாள்.

"இப்ப எதுக்கு மதினி" என்றாள் வெண்பா. "எல்லாம் முடிஞ்ச பொறவு."

போன் விடாமல் அடித்தது. குழந்தை சிணுங்கத் தொடங்கியது. வெண்பா அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, மற்றக் கையின் கட்டை விரலால் ஆம் என்று தொட்டாள். பிறகு எழுந்து, வீட்டுக்காரர் உள்ளே வந்து மகனைத் தூக்கிக்கொள்ள, வாசலில் நின்ற வண்டியை நோக்கி நடந்தாள்.

வில்லை முழு மருந்தையும் விடத் தொடங்கியது. அருகில் ஆள் இருக்கிறது என்று அதற்குச் சொல்லியாயிற்று.